சிறகு பெற்ற தூதன்

‘ஏஞ்சல்’ என்னும் சொல்லுக்கு மூலமான ‘ஆங்கெலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் செய்தி கொண்டு செல்பவன் என்பதற்கு மேல் பொருளில்லை. ஓர் அரசன் மற்றோர் அரசனிடம் அனுப்பும் ஆளும் ஆங்கெலோஸ்தான். எபிரேய மறைநூலின் ‘மலாக்’ என்பதும் தூதனையே குறித்ததால், கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்கு இச்சொல்லை இட்டனர். இலத்தீனில் சாதாரணத் தூதனுக்கு ‘நூன்தியுஸ்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தமையால், கடன் வாங்கிய ‘ஆங்கெலுஸ்’ வானவருக்கே உரியதாக ஒதுங்கிற்று. இது பணியின் பெயரேயன்றி இயல்பின் பெயரன்று என்று புனித அகுஸ்தினார் விளக்கியிருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் ‘சம்மனசு’ இதற்கு நேர்மாறானது. நல்ல மனம் எனப் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்த அது, பணியை விட்டு இயல்பைச் சொல்கிறது.

பணிக்கென ஓர் உருவம் இல்லை. ரோமின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில், 3ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஓவியத்தில், மரியாவின் முன் நிற்கும் வானவர் சிறகற்ற ஆடவரே. 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, இஸ்தான்புல்லின் சாரிகுசெல் பகுதியில் கிடைத்த கல் சவப்பெட்டியிலோ சிறகுடைய இருவர் கிறிஸ்துவின் பெயர்க்குறி பதித்த மாலையை ஏந்திப் பறக்கின்றனர். ரோமானிய வெற்றித் தெய்வத்தின் சிறகும் மாலையும் ஆணுருவுக்கு மாறியிருப்பது அதில் வெளிப்படை.

பிரான்சின் ஓட்டன் பேராலயத்தில், 1120–1135 அளவில் செதுக்கப்பட்ட தூண்தலைப்பு ஒன்றில் (தூணின் உச்சியிலுள்ள சிற்பப் பகுதி), சிறகிருந்தும் தூதே முதன்மை பெறுகிறது. முடியைக்கூடக் கழற்றாமல் ஒரே போர்வைக்குள் உறங்கும் மூன்று ஞானியருள் ஒருவரின் கையை வானவர் ஒற்றை விரலால் தொட, அவர் மட்டும் கண் விழித்திருக்கிறார். வானவரின் மற்றக் கை விண்மீனைச் சுட்டுகிறது. ஒரு சொல்லும் பேசாமல் செய்தியைச் சேர்ப்பிக்கும் இவ்விரலுக்கு ஈடான ஒன்றை இடைக்காலச் சிற்பத்தில் காண்பது அரிது. அப்பேராலய வாயிலில் பொறித்துள்ள கிஸ்லபெர்ட்டுஸ் என்பது சிற்பியின் பெயரா, செய்வித்தவரின் பெயரா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் ரேம்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பில் மறைச்சாட்சி ஒருவரின் பக்கத்தில் நிறுத்தப்பட்ட வானவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஏதுமில்லை. தலையைச் சற்றே சாய்த்து, இதழோரம் உயர, அவர் புன்னகைக்க மட்டும் செய்கிறார். இவருக்குத் தூதன் என்பதைவிடச் சம்மனசு என்பதே பொருந்தும். முதல் உலகப்போரில், 1914 செப்டம்பர் 19 அன்று செருமானியக் குண்டுவீச்சில் சாரம் தீப்பற்றியபோது உத்தரம் விழுந்து இவருடைய தலை உடைந்தது. திரட்டிய துண்டுகளையும் பழைய அச்சுப்படி ஒன்றையும் கொண்டு சீரமைக்கப்பட்டு, 1926இல் அது மீண்டும் பொருத்தப்பட்டது. ‘ரேம்சின் புன்னகை’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது அந்தப் போரின்போதுதான்.