'ஜாயின்' பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு பட்டனைப் பத்தி. மீட்டிங் லிங்க்கைத் தட்டினதும் 'ஜாயின்'னு ஒண்ணு வருமே, அதேதான். காலையில் பல் தேய்க்கிற அதே அரைத் தூக்கத்தில்தான் நம்மில் பல பேர் அதை அமுக்குறோம்.

இதுல என்னடா வரலாறுன்னு கேட்பீங்க. படத்தைத் தூரத்துக்கு அனுப்புற வித்தையை 1927-லேயே செஞ்சு காட்டிட்டாங்க. அந்த வருடம் ஏப்ரல் 7 அன்று வாஷிங்டனில் ஹெர்பர்ட் ஹூவர் பேசினார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், அப்போது வர்த்தகத் துறை அமைச்சர். நியூயார்க்கில் ஏடி அண்ட் டி கம்பெனியின் தலைவர் வால்டர் கிஃபோர்ட் அவர் முகத்தைப் பார்த்தபடி பேசினார். படம் ஒருவழிதான், ஹூவருக்கு கிஃபோர்டின் முகம் தெரியாது. 1930-இல் இருவழியும் வந்துவிட்டது. அதுக்கப்புறம் நடந்த தொண்ணூறு வருஷச் சண்டை முழுக்க வேற ஒரு கேள்விக்காக: ஒரு சாதாரண ஆள் இதுக்குள்ள எப்படி நுழையறது?

முதல் பதில், தபால் ஆபீஸ். 1936 மார்ச்சில் நாஜி ஜெர்மனியின் தபால் துறை பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் நடுவில் பொதுமக்களுக்கான வீடியோ ஃபோன் சேவையைத் தொடங்கியது. சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள். இந்த முனையில் நீங்க ஒரு பூத்துக்குப் போய் உட்காரணும், அந்த முனையில் உங்க அத்தையும் ஒரு பூத்துக்கு வந்து உட்காரணும். வீட்டிலிருந்து யாரும் ஜாயின் பண்ண முடியாது. போர் வந்ததும் அந்தச் சேவை நின்று போனது.

இரண்டாவது முயற்சிதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏன்னா பணம், மூளை, விளம்பரம் எல்லாம் இருந்தும் படுத்துப்போன புராடக்ட் அது. பேரு பிக்சர்ஃபோன். ஏடி அண்ட் டி-யின் பெல் ஆய்வுக்கூடத்துல செஞ்சது. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டில் இருந்தவர்களோடு கண்காட்சிக்கு வந்தவர்கள் முகம் பார்த்துப் பேசினார்கள். அதே ஜூனில் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ மூன்று ஊர்களில் காசு கொடுத்துப் பேசும் பூத்துகள் திறந்தன. முதல் அழைப்பு, ஜனாதிபதி ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன். மூணு நிமிஷத்துக்கு 16 முதல் 27 டாலர் வரை கட்டணம். 1964-இன் டாலர், கவனிங்க. அதுக்கு முன்பதிவு வேற. கூட்டம் வரவில்லை.

சரி, பூத்துதான் பிரச்சினை, ஆபீஸ் மேசைக்கே கொண்டு போயிடலாம்னு நினைச்சாங்க. 1970 ஜூன் 30 அன்று பிட்ஸ்பர்க்கில் அது நடந்தது. மேயர் பீட்டர் ஃபிளாஹர்ட்டி முதல் அழைப்பைச் செய்தார். மறுமுனையில் அல்கோவா அலுமினியக் கம்பெனியின் தலைவர் ஜான் ஹார்ப்பர். மாதம் 160 டாலர் வாடகை. அதில் அரை மணி நேரம் பேசலாம், மேலே போனால் நிமிடத்துக்கு 25 சென்ட். ஜாயின் பண்ற முறை என்ன தெரியுமா? ஃபோனில் ஹேஷ் பட்டனை அமுக்கிட்டு நம்பரை அழுத்தணும். அவ்வளவுதான். இன்னைக்கு இருக்குற எந்த ஆப்பையும்விட எளிமைன்னு சொல்லலாம்.

அப்புறம் ஏன் படுத்தது? யாரிடம் பேசுறது? அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். அறுபதாவது ரூபாய்க்கும் அறுபதாயிரம் ரூபாய்க்கும் நடுவில் விலை மட்டும் பிரச்சினை கிடையாது. எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே பெட்டி இருக்கணும். ஆரம்பத்தில் பிட்ஸ்பர்க்கில் எட்டே கம்பெனிகள், மொத்தம் 38 பெட்டிகள். ஒரு தெருவுல ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் வாசற்படி வெச்ச மாதிரி. 1980-க்குள் பத்து லட்சம் பெட்டி ஓடும்னு கணக்குப் போட்டவர்கள், சில நூறைத் தாண்ட முடியாமல் சில வருடங்களில் கைவிட்டார்கள். தலை வாரி, சட்டை மாத்தி ஃபோன் எடுக்கணும்ங்கிறதும் மக்களுக்குப் பிடிக்கலைன்னு சொல்வாங்க. இன்னைக்கு கேமராவை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்திருக்குற நம்ம டீமைப் பார்த்தா, அதை நம்பலாம்.

இன்னொரு சிக்கல் வயர். ஒரு பிக்சர்ஃபோனுக்கு மூணு ஜோடி செப்புக் கம்பி வேணும், சாதாரண ஃபோனுக்கு ஒரு ஜோடி போதும். படம்ங்கிறது அவ்வளவு பெரிய சுமை. அந்தச் சுமையைக் குறைச்ச கதையில்தான் நம்ம ஊர் வருது.

பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1972-இல் ஒரு கணித யோசனையை ஆராய, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையா இருக்குன்னு மதிப்பீட்டாளர் ஒருத்தர் சொன்னதாக அகமதுவே பின்னால் எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். அந்த கே. ஆர். ராவ் நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்து 1952-இல் வெளியே வந்தவர். யோசனையின் பெயர் டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமா டிசிடி.

அது என்ன பண்ணுது? படத்தைக் குட்டிக் குட்டிக் கட்டங்களா வெட்டிக்குது, ஒரு கட்டத்துல எட்டுக்கு எட்டு புள்ளி. ஒவ்வொரு கட்டத்தையும் 'இதுல மெதுவா மாறுற நிறம் எவ்வளவு, படபடன்னு மாறுற நுணுக்கம் எவ்வளவு'ன்னு பிரிச்சு எழுதுது. நம்ம கண்ணுக்கு அந்த நுணுக்கம் சரியாத் தெரியாது. அதனால அதைக் கொஞ்சம் தூக்கிப் போட்டாலும் கண்டுபிடிக்க மாட்டோம். நெட் சுமாரா இருக்கும்போது மேனேஜர் முகம் சதுரம் சதுரமா உடையுது பாருங்க, அந்தச் சதுரங்கள் இவங்க போட்டது. 1988-இல் வீடியோ அழைப்புக்காக வந்த ஹெச்.261 என்ற தரமுறை இதன் மேல்தான் கட்டப்பட்டது. ஜேபெக் படங்களும் அப்படித்தான். எளிமையா இருக்குன்னு நிதி மறுக்கப்பட்ட யோசனை!

படம் இளைச்சாச்சு. இப்போ கதவு. 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டோர்சி, 'சீ-யூ-சீ-மீ' என்று மெக்கின்டாஷுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதினார். கறுப்பு வெள்ளைப் படம், முதலில் சத்தமே கிடையாது. ஆனா சும்மா இருந்த இன்டர்நெட்டில் பல பேர் ஒரே நேரத்தில் முகம் பார்த்தார்கள். ஜாயின் பண்ண, எதிராளியோட ஐபி முகவரியை நீங்களே டைப் பண்ணணும். புள்ளி வெச்ச நாலு எண்கள். அது தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அந்தக் கதவு.

அந்த முறையும் கொஞ்ச காலத்துல உடைஞ்சு போச்சு. ஐபி முகவரிகள் தீர்ந்து போகும்ங்கிற பயத்துல, 1990-களின் நடுவில் 'நாட்'ன்னு ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டை நினைச்சுக்கோங்க. வெளி உலகத்துக்கு ஒரே ஒரு டோர் நம்பர்தான். உள்ளே நூறு ஃபிளாட். நீங்க வெளியே போய் யாரையும் பார்க்கலாம், பதில் வந்தா வாட்ச்மேன் சரியா உங்க ஃபிளாட்டுக்கு அனுப்பி வைப்பார். ஆனா வெளியாள் ஒருத்தர் நேரா வந்து 'மூணாவது மாடி குமாரைப் பார்க்கணும்'னா, எந்த குமார், அவர் கூப்பிட்டாரான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவார். உங்க வீட்டு வைஃபை ரவுட்டர் அந்த வாட்ச்மேன். இப்போ இரண்டு பேரும் ஆளுக்கொரு அப்பார்ட்மென்ட்டுக்குள்ள இருந்தா, யாரு யாரைத் தேடிப் போறது?

2003-இல் வந்த ஸ்கைப் இதுக்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தது. கஸா என்ற பாட்டுப் பகிரும் நெட்வொர்க்கைச் செய்த அதே கூட்டம். கோட் எழுதியது எஸ்டோனிய இன்ஜினியர்கள். வாட்ச்மேன் இல்லாத தனி வீடா ஸ்கைப் போட்டிருக்குற வேறு யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டரை, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போக வெச்சாங்க. பொதுவான முறைகளும் அதே காலத்தில் வந்தன. ஸ்டன்ன்னு ஒரு சர்வர்: அதுகிட்ட போய் 'வெளியிலிருந்து பார்த்தா என் முகவரி என்ன?'ன்னு கேட்டுக்கணும். ரெண்டு பேரும் அதைத் தெரிஞ்சுக்கிட்டு, ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டா, ரெண்டு வாட்ச்மேனும் 'நம்ம ஆள் கூப்பிட்டதுக்குத்தான் பதில் வருது'ன்னு நினைச்சு விட்டுடுவாங்க. அதுவும் நடக்கலைன்னா டர்ன்னு இன்னொரு சர்வர், எல்லாத்தையும் வாங்கி வாங்கிக் கைமாத்தி விடும். 'கனெக்டிங்'னு சுத்துதே, அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுல இந்தப் பஞ்சாயத்தெல்லாம் நடந்துட்டு இருக்கலாம்.

2010-இல் கூகுள், ஜிப்ஸ் என்ற ஒலி-ஒளித் தொழில்நுட்பக் கம்பெனியைச் சுமார் 6.8 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடமே அந்தக் கோடை இலவசமாகத் திறந்து விட்டது. வெப்ஆர்டிசி பிறந்தது அப்படித்தான். பிரவுசருக்குள்ளேயே கேமரா, மைக், மேலே சொன்ன வாட்ச்மேன் வேலை எல்லாம் அடக்கம். அதுக்கு முன்னாடி வெப்எக்ஸ் மாதிரி மீட்டிங்கில் நுழைய பிளகின் இறக்கணும், மீட்டிங் நம்பர் அடிக்கணும்.

அந்த வெப்எக்ஸில் 1997-இல் சேர்ந்த ஒரு இன்ஜினியர் எரிக் யுவான். சீனாவிலிருந்து வர அவருக்கு அமெரிக்க விசா எட்டு முறை மறுக்கப்பட்டு, ஒன்பதாவது முறை கிடைத்தது. வெப்எக்ஸை வாங்கியிருந்த சிஸ்கோவிலிருந்து 2011-இல் வெளியேறி, ஜூம் தொடங்கினார். வேறொரு நாட்டுக்குள்ள நுழையவே ஒன்பது தடவை தட்டின மனுஷன், தட்டவே தேவையில்லாத ஒரு கதவைச் செய்யப் போனார். ஒரு லிங்க், ஒரு க்ளிக், உள்ளே.

இங்கேதான் கதை கொஞ்சம் இருட்டாகுது. நான் வேலை பார்க்குற துறையில 'இன்னும் ஒரு க்ளிக் குறைக்க முடியுமா?'ங்கிற கேள்வி இல்லாத புராடக்ட் மீட்டிங்கே கிடையாது. அது எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு 2019 ஜூலை ஒரு சாட்சி. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர், ஒரு வலைப்பக்கம் வேறு ஆப்பைத் திறக்கும் முன் 'திறக்கட்டுமா?' என்று கேட்க ஆரம்பித்திருந்தது. அந்த ஒரே ஒரு கேள்வியைத் தவிர்க்க, ஜூம் மேக் கம்ப்யூட்டர்களில் சத்தமில்லாமல் ஒரு குட்டி சர்வரை நிறுவியிருந்தது. ஜோனதன் லைட்ஷூ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளியில் கொண்டு வந்தார். ஏதோ ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே அது உங்களை ஒரு மீட்டிங்கில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, சேர்த்துவிட முடியும். இன்னும் மோசம், ஜூமை அழித்தாலும் அந்த சர்வர் போகாது. லிங்க்கைத் தட்டினால் ஜூமைத் திரும்ப நிறுவிக்கொள்ளும். முதலில் நியாயம் சொன்ன ஜூம், எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கியது. ஆப்பிளும் தன் பங்குக்கு எல்லா மேக்குகளிலிருந்தும் அதைச் சத்தமில்லாமல் அகற்றியது. நீங்க ஜாயின் பண்றதுக்குப் பதிலா, உங்களை ஜாயின் பண்ண வைக்கிற பட்டன்!

அடுத்த வருடம் கொரோனா. 2019 டிசம்பரில் ஜூமில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு கோடிப் பேர் மீட்டிங்கில் கலந்துகொண்டார்கள். 2020 ஏப்ரலில் 30 கோடி. ஒரே ஆள் மூணு மீட்டிங் போனா மூணுன்னு எண்ணுற கணக்கு, இருந்தாலும் மலைப்புதான். ஏப்ரல் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க நீதிமன்றங்கள் வீடியோ வழியே நடக்க வழிகாட்டுதல் தந்தது. சாட்சியை வீடியோ வழியே விசாரிக்கலாம் என்று 2003-லேயே அது தீர்ப்பளித்திருந்ததால், சட்டம் தயாராகத்தான் இருந்தது. தயாராக இல்லாதது சிக்னல். ஆன்லைன் வகுப்புக்கு லிங்க் வந்தும் மலை கிராமங்கள்ல பிள்ளைங்க பாறை மேலயும் மரத்து மேலயும் டவர் தேடி உட்கார்ந்தாங்க. பட்டன் எளிமையா இருந்து என்ன பண்ண?

இன்னொரு பக்கம், அழையாத விருந்தாளிகள். மீட்டிங் எண் வெறும் 9 முதல் 11 இலக்கம். ஒரு சின்ன நிரல் எழுதி எண்களை வரிசையாத் தட்டிப் பார்த்தாலே, திறந்து கிடக்கும் மீட்டிங் மாட்டும். வகுப்புக்குள்ள ஆபாசப் படம், பிரார்த்தனைக் கூட்டத்துக்குள்ள வசவு. ஏப்ரல் 16 அன்று நம் உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பான தளம் இல்லை என்றே அறிவுரை வெளியிட்டது. அதற்குள் ஏப்ரல் 5 முதலே ஜூம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தானாகவே இயங்கும்படி மாற்றியிருந்தது. ஒவ்வொரு க்ளிக்காகக் குறைத்தவர்கள், அவசர அவசரமாக இரண்டு படிகளைத் திரும்பச் சேர்த்தார்கள்.

இதுல ஒரு வேடிக்கை சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். அடுத்த முறை ஜூம் லிங்க் வந்தா முழுசாப் படிச்சுப் பாருங்க. கேள்விக்குறிக்கு அப்புறம் நீளமா ஒரு எழுத்துக் கோவை இருந்தா, அது அந்தக் கடவுச்சொல்லோட மறைக்கப்பட்ட வடிவம்தான். ஜாயின் பண்றவங்க டைப் பண்ணிக் கஷ்டப்படக் கூடாதுன்னு லிங்க்குக்குள்ளேயே வெச்சிருக்காங்க. எண்ணை ஊகித்து வருகிறவனை அது தடுக்கும். லிங்க்கை ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு பண்ணும் சித்தப்பாவை எதுவும் தடுக்காது. அதுக்கு அப்புறம் இருக்குறது, 'அட்மிட்' பட்டன் மேல விரலை வெச்சுக்கிட்டு, 'ஐபோன்'ங்கிற பேர்ல காத்திருக்குறது யாருன்னு யோசிக்கிற அந்த ஹோஸ்ட் மட்டும்தான்.

அடுத்த எபிசோடு மியூட் பட்டன். அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. வர்றேன்.