ஓட ஓட ஏறும் பெட்ரோல் முள்

பழைய ஸ்கூட்டர் காலத்து ஆட்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. நடுரோட்டில் வண்டி திணறி நிற்கும். அப்பா இறங்கி, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்துவார். குமிழை ரிசர்வுக்குத் திருப்பி நாலு உதை. வண்டி கிளம்பிவிடும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் ஏதும் கிடையாது. ஆனால் தீரப்போகிறது என்று வண்டியே சொல்லிவிடும். சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

முள் வந்த பிறகுதான் பொய்யும் வந்தது. அதிலும், சொந்தக் கையால் கார் கட்டியவர்களிடம் அந்த முள் சொன்ன பொய் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறேன். கார் கட்டும் உத்தேசம் நமக்கெல்லாம் இல்லை, சரிதான். ஆனால் டேஷ்போர்டில் இருக்கும் ஒரு முள்ளை நம்பித்தான் குழந்தை குட்டியோடு ஊருக்குக் கிளம்புகிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவைப்பதில் தப்பில்லை.

ஆரம்பத்தில் இருந்தது குச்சிதான். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, அளவு போட்ட மரக்குச்சியை விட்டுப் பார்க்கவேண்டும். நம்மூரில் எண்ணெய் டின்னில் குச்சி விட்டுப் பார்ப்பதுபோலத்தான். அடுத்து வந்த மாடல் ஏ காரில் டேங்க், டேஷ்போர்டுக்கு முன்னாலேயே இருந்தது. அதனால் ஒரு மிதவையை வைத்து அளவை நேராகவே காட்டிவிட்டார்கள். வோல்க்ஸ்வாகன் பீட்டில் இன்னும் பிடிவாதம். 1961 வரை முள்ளே வைக்காமல், நம் ஸ்கூட்டர் மாதிரி ரிசர்வ் குமிழோடுதான் அது ஓடியது.

டேங்க் பின்பக்கம் போனதும் சிக்கல் ஆரம்பித்தது. பின்னால் இருக்கும் அளவை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிக் காட்டுவது? 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிங் சீலி என்ற நிறுவனத்தின் கருவி ஒன்று பல கார்களில் வந்தது. டேங்கின் அடியில் பெட்ரோலின் எடை கொடுக்கும் அழுத்தத்தை மெல்லிய குழாயில் அடைபட்ட காற்று வழியாக முன்னால் கொண்டுவந்து, ஒரு கண்ணாடிக் குழாயில் சிவப்புத் திரவத்தை ஏற்றி இறக்கும் ஏற்பாடு அது. அழகான யோசனைதான். ஆனால் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், கணக்கு கெட்டுவிடும். கடைசியில் மின்சாரமே வென்றது.

மின்சார ஏற்பாடு ரொம்ப எளிது. டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஒரு கம்பிக் கையில் ஏறி இறங்கும். கையின் மறுமுனை ஒரு கம்பிச்சுருளின்மேல் தேய்த்துக்கொண்டே நகரும். மிதவை நகர நகர மின்தடை மாறும். நம் மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பது இதைத்தான். டேஷ்போர்டில் உள்ள மீட்டர் அந்த மின்தடையைப் படித்து முள்ளை நகர்த்தும். அதாவது மீட்டருக்குப் பெட்ரோல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது இத்தனை ஓம் என்ற கணக்கு மட்டும்தான்.

வினை இங்கேதான். எத்தனை ஓம் என்றால் காலி, எத்தனை ஓம் என்றால் ஃபுல் என்பதை உலகம் முழுக்க யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பல காலம் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஃபோர்டில் தலைகீழ், காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. அமெரிக்காவில் தனியாக விற்ற மீட்டர்களிலும் படகுகளிலும் காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. ஜெர்மனியின் விடிஓ மீட்டர்களில் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. அவரவர் வீட்டுக்குள் எல்லாம் சரிதான். ஒரே கம்பெனி யூனிட்டும் மீட்டரும் செய்யும்வரை யாருக்கும் பிரச்சினை இல்லை. ஒரு வீட்டுப் பெண்ணையும் வேறு வீட்டுப் பையனையும் ஜாதகம் பார்க்காமல் சேர்த்துவைத்தது, சொந்தமாகக் கார் கட்டியவர்கள்தான்.

அந்தப் பழக்கம் பெரிதாக வளர்ந்தது பிரிட்டனில். காரணம் வரி. புதுக் கார் வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் கட்டவேண்டும். பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. காலின் சாப்மன் 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். அவர் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன், வீட்டு ஷெட்டில் பூட்டிக்கொள்ளும் கார்களில் மிகப் புகழ்பெற்றது. 1973-ல் அந்த வரி போய் வாட் வந்ததும் இந்தச் சலுகை முடிந்தது. லோட்டஸ், செவனை கேட்டரம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் கார் கட்டும் ஆசை வரியோடு போய்விடவில்லை. 1970களில் ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி என்று பழைய பாணி உடல்கள் விற்பனைக்கு வந்தன. அடியில் போட, துருப்பிடித்து ஒதுக்கிய ட்ரயம்ஃப் ஹெரால்டு காரின் சேஸிஸ்.

ஹெரால்டு என்றதும் சென்னைக்காரர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே கார்தான் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நம் வண்டலூரில் தயாரானது. உடலைக் கழற்றினால் சேஸிஸ் தனியாக நிற்கும் என்பதால்தான் பிரிட்டனில் கார் கட்டுபவர்கள் அதைத் தேடினார்கள்.

இப்போது அந்த ஷெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். சேஸிஸ் ஒரு காரிலிருந்து. டேங்க், பக்கத்துப் பட்டறையில் அலுமினியத் தகட்டில் வளைத்தது. டேங்க் யூனிட் காயலான் கடையில் கிடைத்தது. மீட்டர் பார்க்க லட்சணமாக இருந்ததால் வாங்கியது. எல்லாம் பூட்டி, டேங்கை நிரப்பினால் முள் காலியில் நிற்கிறது. ஓட்ட ஓட்ட ஏறுகிறது. ஃபுல்லைத் தொட்டதும் வண்டி நின்றுவிடுகிறது. சிரிக்காதீர்கள், கணக்கு அதுதான். 240-33 யூனிட்டை 10-180 மீட்டரோடு இணைத்தால், நிறைந்த டேங்கின் 33 ஓம், மீட்டருக்குக் கிட்டத்தட்ட காலி. பெட்ரோல் குறையக் குறைய ஓம் ஏறும், முள்ளும் ஏறும்.

இது தெரிந்துபோகும் பொய். தெரியாத பொய்கள்தான் ஆபத்து. அதில் முதலாவது எர்த். இரும்பு உடல் கொண்ட கார்களில் உடலே எர்த். ஃபைபர் கிளாஸ் உடலில் மின்சாரம் போகாது. ரப்பர்மேல் உட்கார்ந்த டேங்குக்கு எர்த் வயரைத் தனியாக இழுக்க மறந்தால் மின்தடை கூடிப்போய் முள் மனம்போன போக்கில் ஆடும். அதனால்தான் அனுபவசாலிகள் எதையும் கழற்றுமுன் எர்த் வயரைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது ஸ்டெபிலைசர். 1960களிலிருந்து பல பிரிட்டிஷ் கார்களில் வந்த ஸ்மித்ஸ் மீட்டருக்குள் இரட்டை உலோகப் பட்டை ஒன்று சூடாகி வளைந்து முள்ளை நகர்த்தும். பாட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் மீட்டருக்குச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி ஒரு சின்ன டப்பா பார்த்துக்கொள்ளும். அந்த டப்பாவுக்கு எர்த் விட்டுப்போனால் 12 வோல்டுக்கு மேலேயே நேராகப் போய், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பெட்ரோல் முள்ளும் இன்ஜின் சூட்டு முள்ளும் ஒன்றாக எகிறினால் சந்தேகப்படவேண்டியது இந்த டப்பாவைத்தான். இன்று அதற்குப் பதில் 10 வோல்ட் ஐசி ஒன்றை வைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது டேங்கின் வடிவம். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் பாதி உயரம் என்பது பாதிப் பெட்ரோல் அல்ல. வேறு காரின் ஆழமான டேங்குக்குச் செய்த மிதவைக் கை, ஆழம் குறைந்த டேங்கில் பெட்ரோல் தீருமுன்பே தரையில் முட்டி நின்றுவிடும்.

சரிசெய்யும் வழி காலப்போக்கில் மாறினாலும் முதல் படி ஒன்றுதான். டேங்கைக் காலியாக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஓமையும் முள் நிற்கும் இடத்தையும் எழுதிக்கொள்வது. பிறகு மிதவைக் கையை வளைத்துப் பார்ப்பார்கள். அடுத்து இணையாக ஒரு மின்தடை சேர்ப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 240-33 யூனிட்டை 73-10 ஃபோர்டு மீட்டருக்குப் பொருத்த, 105 ஓம் இணையாகப் போட்டால் காலி அளவு சரியாகிவிடும். ஆனால் ஃபுல்லில் 25 ஓம் வரும். முள் முக்கால் பக்கத்தில் நின்றுவிடும். ஒரு முனைதான் சரியாகும். அப்போது எந்த முனையை விடுவது? காலியை விடவே கூடாது. ஃபுல் டேங்க் முக்கால் என்று காட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது வரும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பெட்டிகள், நாம் எழுதிய அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு எந்த வடிவ டேங்கையும் சமாளிக்கின்றன. ஆனால் லிட்டர் லிட்டராக ஊற்றி எழுதும் வேலை இன்னமும் நம் தலையில்தான்.

காரென்றால் ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். ஆகாயத்தில் அப்படி இல்லை. 1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் தன் கையால் கட்டிய லாங் ஈஇசட் ரகக் குட்டி விமானத்தை வாங்கி ஓட்டியபோது கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். எரிபொருள் அளவு பார்க்கும் கண்ணாடிகள் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தன, அவற்றில் அளவுக்கோடுகள் இல்லை. டேங்க் மாற்றும் குமிழும் தோளுக்குப் பின்னால். எட்டித் திருப்பும்போது விமானம் கட்டுப்பாடு இழந்தது என்றது விசாரணை. கிளம்புமுன் பெட்ரோல் நிரப்பிக்கொள்ள அவர் விரும்பவில்லை. கட்டியவருக்குத் தன் விமானத்தின் கண்ணாடி எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்கும். வாங்கியவருக்கு அது புது பாஷை.

இந்தியாவில் நாமே கட்டிய காரை ரோட்டில் ஓட்டுவது சுலபமல்ல. புதிதாகச் செய்த வண்டியை அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று வாங்கவேண்டும். இங்கே புனேயில் உள்ள ஏஆர்ஏஐ அதில் ஒன்று. ஆனால் தாத்தாவின் ஹெரால்டையோ பத்மினியையோ தூசி தட்டி எழுப்புபவர்கள் இங்கேயும் உண்டு. கிடைத்த மீட்டர், கிடைத்த யூனிட் என்று போட்டால் அவர்களுக்கும் இதே கதைதான்.

புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொசுறு. காரின் கையேட்டில் டேங்க் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஒருமுறை ஊருக்குள்ளேயே நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பில்லில் பாருங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் ரிசர்வ். அடுத்த லீவில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்த பங்க் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாத நெடுஞ்சாலையில் அந்த எண் உங்களுக்குக் கைகொடுக்கும்.