சந்தையூர் தந்த எழுத்தர்

பெயரிலேயே சந்தையைத் தாங்கிய ஊர்கள் நம் நாட்டில் உள்ளதுபோல ஆங்கில நாட்டிலும் உண்டு. ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் டெர்ன் ஆற்றங்கரையில் அமைந்த மார்க்கெட் டிரேட்டன் அவற்றுள் ஒன்று. புதன்தோறும் அங்கே சந்தை கூட மூன்றாம் ஹென்றி மன்னர் 1245ஆம் ஆண்டில் உரிமை வழங்கினார். நூற்றாண்டுகள் பல கடந்தும் சந்தை நாள் மாறவில்லை.

அமைதியான ஊர்தான், ஆயினும் அல்லல் காணாத ஊரன்று. 1459இல் அருகிலுள்ள புளோர் ஹீத் வெளியில் யார்க் படையும் லங்காஸ்டர் படையும் மோதின. யார்க் படை வென்றது. 1651இல் மூண்ட பெருந்தீ மரவீடுகளைச் சாம்பலாக்கியது. ரொட்டி சுடும் கடையொன்றில் அது தொடங்கியது என்பர். ஊர் மீண்டெழுந்தது. உழவர் மகளிர் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்பதற்கென 1842இல் கட்டப்பட்ட தூண் மண்டபம் இன்றும் நிற்கிறது. 'பட்டர் கிராஸ்' என்பது அதன் பெயர்.

இவ்வூரின் தனிச்சிறப்பு இஞ்சி ரொட்டி. கீழை நாட்டு இஞ்சி அவ்வூர் அடுப்பேறி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 'ஜிஞ்சர்' என்னும் சொல்லே நம் 'இஞ்சிவேர்' பாகதம், கிரேக்கம், இலத்தீன் வழியாக நடந்து சென்று பெற்ற வடிவம் என்பர் மொழியறிஞர். பண்டமும் பெயரும் வாணிக வழியே அங்குச் சென்றன. அதே வாணிகத்தின் பெயரால் அங்கிருந்து இங்கு வந்தவர் யார் தெரியுமா?

ஊருக்கு அருகே ஸ்டைச் மாளிகையில் 1725இல் பிறந்த இராபர்ட் கிளைவ்! சிறுவனாயிருந்தபோது இவ்வூர்த் தூய மரியாள் கோயிலின் கோபுரத்தில் ஏறி, துருத்தி நிற்கும் கல்லுருவின்மேல் அமர்ந்து ஊராரை நடுங்க வைத்தான் என்பது செவிவழிக் கதை. 1744இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்தார். 1753இல் அவர் மணம் புரிந்ததும் கோட்டையிலுள்ள தூய மரியாள் கோயிலில்தான்.

கோப்புகளுக்கிடையே நாள் கழிக்கும் என்போன்ற எழுத்தர்க்கு இவ்வரலாறு வியப்பும் வேதனையும் தருவது. இறகுப் பேனாவை வைத்துவிட்டு வாளெடுத்தவர் 1751இல் ஆர்க்காட்டைக் காத்தார். 1757இல் பிளாசியில் வென்றார். 1765இல் வங்கத்தின் வரி தண்டும் உரிமையைக் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தார். ஐந்தே ஆண்டுகளில் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஆர்க்காட்டு முற்றுகையில் சோற்றை வெள்ளையர்க்கு ஈந்து, தாம் கஞ்சி குடித்துப் போரிட்டனர் சிப்பாய்கள் என்றொரு கதை உண்டு. அச்சிப்பாய்களின் பெயரை இன்று எவர் அறிவார்?

பெருஞ்செல்வம் சேர்த்த கிளைவ், நாடாளுமன்ற விசாரணைக்கும் ஆளாகி, 1774இல் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் இலண்டனில் மாண்டார். பிறந்த மண்ணுக்கருகே மோர்ட்டன் சே கோயிலில் புதைத்தனர். இன்ன இடமென்று காட்டக் கல்லொன்றும் நாட்டவில்லை. ஷ்ரூஸ்பெரி நகரில் 1860இல் எழுப்பிய அவர் சிலையை அகற்ற வேண்டுமென 2020இல் அந்நாட்டு மக்களே பலர் விண்ணப்பித்தனர். சிலை தப்பியது, கேள்வி தீரவில்லை.

வாளால் பெற்ற ஆட்சி 1947இல் முடிந்தது. இஞ்சியோ இன்றும் அவ்வூரில் மணக்கிறது. கொடுத்து வாங்கிய உறவே நிலைப்பது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?