‘கணிசமாக’ என்றால் எவ்வளவு?

பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே எழுதி வைத்திருக்கிறது. பட்டியலில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில்கூட 2015 மார்ச் வரை வெளியேதான் நின்றது.

நம்ம 2005 சட்டம் வேறு வழியில் போனது. பிரிவு 2(எச்) பெயர் சொல்லாது, குணம் சொல்லும். அரசியலமைப்பாலோ சட்டத்தாலோ அரசாணையாலோ உருவானவை. அதோடு அரசுக்குச் சொந்தமானவை, அரசு கட்டுப்படுத்துபவை, அரசிடம் ‘கணிசமாக’ நிதி பெறுபவை. கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். புது அமைப்பு முளைத்தால் பட்டியலைத் திருத்த ஓட வேண்டாம். ஆனா ‘கணிசமாக’ங்கிற மாறிக்கு மதிப்பு என்னன்னு சட்டத்துல யாரும் எழுதல. சண்டையெல்லாம் அங்கேதான்.

கேரளத்தில் கூட்டுறவுச் சங்கங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று அரசு 2006இல் சுற்றறிக்கை அனுப்பியது. தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி எதிர்த்தது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது: மேற்பார்வை வேறு, கட்டுப்பாடு வேறு, அந்த நிதி இல்லாவிட்டால் அமைப்பே தத்தளிக்கும் என்ற அளவுக்கு இருந்தால்தான் அது கணிசம். ஊரில் பாதிப்பேரின் நகை அடமானத்தில் கிடக்கும் இடம் கூட்டுறவுச் சங்கம். அதனிடம் நேராகக் கேட்க முடியாது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தீர்ப்பு ஒரு கொல்லைக்கதவைத் திறந்தே வைத்தது. கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகாரி. சங்கத்திடமிருந்து அவர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவர் வழியாகக் கேட்கலாம். சுற்றுவழிதான், ஆனாலும் வழி.

2019 டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்ந்தது. கணிசம் என்றால் பாதிக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. நகரத்தில் இலவசமாகவோ பெரும் சலுகையிலோ கொடுத்த நிலமும் நிதிதான் என்றது.

இதே நில வாதத்தை மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனிலேயே எடுத்திருந்தது. டெல்லியில் சலுகை நிலம், வருமான வரி விலக்கு, தேர்தல் நேரத்தில் ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து காங்கிரஸ், பா.ஜ.க. உள்ளிட்ட 6 தேசியக் கட்சிகளும் பொது அதிகார அமைப்புகள்தான் என்று அறிவித்தது. கட்சிகளைச் சட்டத்திலிருந்து விலக்க ஆகஸ்டிலேயே திருத்த மசோதா வந்தது, நிறைவேறவில்லை. ஆணையத்தின் உத்தரவுக்கும் கட்சிகள் பணியவில்லை. 2015 மார்ச்சில் ஆணையம், உத்தரவு செல்லும், ஆனால் அதைச் செயல்படுத்தவைக்கத் தன்னிடம் கருவி இல்லை என்று சொல்லிக் கோப்பை மூடியது.