கூரைத் தீயிலிருந்து ஆழ்துளைக் கிணறு வரை: விருத்தாசலத்திலிருந்து ஒரு பார்வை

விருத்தாசலத்துக்கு நெருப்பு பிழைப்பு. நெய்வேலிப் பகுதிக் களிமண்ணைக் கொண்டு வளர்ந்த பீங்கான் தொழிலில், சூளை 1,000 டிகிரிக்கு மேல் எரிந்தால்தான் மண் பாத்திரமாகும். ஊரைத் தாண்டினால் அதே நெருப்புக்கு வேறு முகம். கீற்றும் கரும்புத் தோகையும் வேய்ந்த கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில், சித்திரை வெயிலுக்கு அடுப்புப் பொறி ஒன்று போதும். வாளியோடும் மணலோடும் ஊரே ஓடிவருவதுதான் நெடுங்காலம் கிராமத்தின் தீயணைப்பு. அந்தத் தெருவுக்குச் சிவப்பு வண்டியை அனுப்புவது அரசின் கடமை என்ற எண்ணம் எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தியாவில் தீயணைப்புப் படை துறைமுக நகரங்களின் பிள்ளை. பம்பாயில் 1887இல் அது மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. சென்னையில் 1908இல் தொடங்கியது. பண்டகசாலைகளும் வணிகச் சரக்கும் குவிந்த இடத்தில்தான் பணமும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. பிரிட்டனிலும் அது உள்ளூர் விவகாரமாகவே இருந்தது. ஜெர்மானியக் குண்டுவீச்சு நகரங்களைக் கொளுத்திய பிறகு, 1941 ஆகஸ்டில் சுமார் 1,600 படைகளை இணைத்துத் தேசியத் தீயணைப்புப் பணி அமைத்தார்கள். போர் முடிந்ததும், 1948இல், அதை உள்ளாட்சிகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நமது போர்க்கால நினைவு பம்பாய்த் துறைமுகத்தில் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று 'போர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தன. தீயணைப்போர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்தது. அவர்களில் 66 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு நிலையங்களில் நடக்கும் தீத்தொண்டு வாரம் அவர்களுக்கான அஞ்சலி.

விடுதலைக்குப் பின்னும் இந்தியா தேசியத் தீயணைப்புப் படை ஒன்றை உருவாக்கவில்லை. 1956இல் ராம்பூரில் தொடங்கிப் பின் நாக்பூருக்கு மாறிய தேசியக் கல்லூரி அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தது. படை நடத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் இருந்தது. 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 12ஆம் அட்டவணையில் தீயணைப்பை நகராட்சிக்குரிய பணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பெருநகரப் படைகள் மாநகராட்சிகளுடையவை. தமிழ்நாடு அதைத் தனித் துறையாக மாநில அரசின் கையிலேயே வைத்துக்கொண்டது. இது சரியான முடிவு என்பதே என் துணிபு. விருத்தாசலம் போன்ற ஊரின் நகராட்சி, வீட்டுவரி வருமானத்தில் வண்டியும் வீரர்களும் வைத்து, தன் எல்லைக்கு வெளியே எரியும் கூரைக்கும் ஓடமுடியுமா? நெருப்புக்கு வார்டு எல்லை தெரியாது.

ஆனால் வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோகும் தீயும் உண்டு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆறே மாதத்தில், ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரை பற்றியது. 94 குழந்தைகள். சமையலறையில் எழுந்த தீ கூரைக்கு ஏறியது. குறுகிய வழியில் பிஞ்சுகளால் வெளியேற முடியவில்லை. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஜனவரியின் சாம்பலே அதைக் கற்றுத் தந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நினைக்காமல் இத்துறையின் வரலாற்றை எழுத என்னால் முடியவில்லை. தீயை அணைப்பதைவிட, தீப்பிடிக்கும் முன்பே கட்டடத்தைச் சோதிப்பது பெரிய வேலை என்பதைத் தமிழகம் அந்த ஆண்டில்தான் உறைக்க உணர்ந்தது.

துறையின் வேலை தீயோடு நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையைச் சுனாமி தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2015இல் வெள்ளம். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சாலையில் நசுங்கிய வாகனம் என எதற்கும் மக்கள் கூப்பிடுவது 'பயர் சர்வீஸை'த்தான். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை, 80 மணி நேரத்துக்கும் மேல் போராடியும் உயிரோடு மீட்க முடியாமல் போனது. அந்தத் துயரம் கருவிக்கும் பயிற்சிக்கும் உள்ள இடைவெளியை ஊருக்கே காட்டியது.

வேலை விரிந்ததால் துறையின் பெயர் 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்' என்றானது. 1985இல் இயற்றிய தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின் பெயரிலோ மீட்பு என்ற சொல் இல்லை. மாநிலங்கள் பின்பற்றுவதற்காக 2019இல் மத்திய அரசு வகுத்த மாதிரி மசோதா, தீயணைப்பையும் அவசரகாலப் பணியையும் சேர்த்தே பெயரிட்டது. 2023இல் மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டமும் வந்தது.

2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. இரண்டே மாதத்தில், காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியின் பட்டாசுக் கூடத்தில் பெண் தொழிலாளர்கள் பலியானார்கள். இரண்டும் இந்த மாவட்டத்துக்குள் நடந்தவை. அனல்மின் நிலையமும் பட்டாசுக் கூடமும் சூளைகளும் கூரைகளும் ஒருங்கே உள்ள இம்மாவட்டத்துக்கு, வேதிப்பொருள் தீயையும் இடிபாட்டு மீட்பையும் கையாளும் தனிப் பயிற்சிக் குழு ஒன்றை விருத்தாசலத்தில் அரசு நிறுத்த வேண்டும்.