கண்ணருகே திரை, காட்சியோ தொலைவில்

சுங்கை பாக்காப்பிலிருந்து வடக்கே பட்டர்வொர்த் பக்கம் போய் வருகிறவர்களுக்குப் போர் விமானத்தின் உறுமல் புதிதல்ல. அங்குள்ள விமானப்படைத் தளத்துக்கு 1997-இல் வந்த ஹார்னெட் விமானங்களில், விமானியின் முகத்துக்கு எதிரே சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு உண்டு. வேகமும் உயரமும் அதில் எழுத்துகளாக மிதக்கும். தகடு இருப்பது கைக்கெட்டும் தூரத்தில்தான். ஆனால் அந்த எழுத்துகளைப் படிக்க விமானி தம் பார்வையை வானத்திலிருந்து கிட்டத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. எழுத்தும் வானத்தோடு சேர்ந்து தொலைவிலேயே தெரியும்.

இது லென்சு செய்யும் வேலை. விரலை மூக்கருகே நீட்டிப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். பெரியவர்களின் கண் சிரமமின்றிப் பார்ப்பதற்குச் சுமார் 25 சென்டிமீட்டராவது வேண்டும். ஆனால் ஒரு படத்தைக் குவிலென்சின் குவியத்தில் வைத்தால், ஒளிக்கதிர்கள் இணையாக வெளியேறுகின்றன. இணைக்கதிர்களைக் கண் தொலைதூரப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது.

இதையே தலையில் மாட்டினால் என்ன? அங்கேதான் சிக்கல். 2018-இல் கோயம்புத்தூர் சூலூர் தளத்துக்கு வந்த தேஜஸ் விமானத்தையே பார்க்கலாம். விமானிக்கு எதிரே உள்ள கண்ணாடிக் காட்சிக் கருவி இந்தியாவில், சண்டிகரின் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் உருவானது. தலைக்கவசக் காட்சிக் கருவியோ இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்துடையது. விமானம் சுமக்கும் எடை வேறு, கழுத்து சுமக்கும் எடை வேறு.

1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட், கணினி வரைந்த படத்தைத் தலையில் மாட்டும் கருவியில் காட்டினார். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறு படக்குழாய்கள். படம் கண்ணுக்கு முன் 18 அங்குலத்தில் நிற்பதாகத் தோன்றும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அறிய, கூரையிலிருந்து தொங்கும் உலோகக் கை ஒன்றும் வேண்டியிருந்தது. பார்வைக் கோணம் வெறும் 40 பாகை. சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போலத்தான்.

அந்தச் சன்னலை அகலப்படுத்தியவர் எரிக் ஹௌலெட். அவர் கணினிக்காரர் அல்லர். முப்பரிமாணப் புகைப்படத்தில் மூழ்கியவர். 1970-களின் பிற்பகுதியில் அவர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். அகன்ற லென்சு ஓரங்களை வளைத்துத்தான் காட்டும் என்றால் காட்டட்டும். படமெடுக்கும் கேமராவின் லென்சிலேயே அதற்கு நேர்மாறான வளைவை வைத்துவிட்டால் கோணல் கோணலை நேராக்கிவிடும் அல்லவா? குறையில்லாத லென்சைத் தேடி மற்றவர்கள் கண்ணாடிமேல் கண்ணாடியாக அடுக்கிக்கொண்டிருக்க, இவர் குறையோடு சமாதானம் செய்துகொண்டார். 1980-களின் நடுவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடம் தன் தலைக்கருவிக்கு இந்த லென்சுகளையே எடுத்துக்கொண்டது.

ஆனால் கணினிப் படம் அவருடைய கேமராவில் எடுத்ததல்லவே! நேர்மாறான வளைவைக் கணினியே ஒவ்வொரு படத்துக்கும் நொடிக்குப் பல முறை போட வேண்டும். அந்த வேகம் மலிவாகக் கிடைக்கக் காலம் பிடித்தது. 2012-இல் பால்மர் லக்கி 'ஆக்குலஸ் ரிஃப்ட்' கருவிக்காகப் பொதுமக்களிடம் 2,50,000 டாலர் கேட்டார். சுமார் 24 லட்சம் டாலர் சேர்ந்தது. கைத்தொலைபேசியால் மலிவாகிவிட்ட சிறு திரை, எளிய லென்சு, வளைவை நேராக்கும் மென்பொருள். கேட்டால் சாதாரணம்தான், ஹௌலெட்டின் யோசனைதான் வீடு தேடி வந்தது.

மென்பொருளால் தீராத ஒன்று மிச்சமிருக்கிறது. நிஜத்தில் பொருள் நெருங்கி வந்தால் இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும்; கண்ணுக்குள் இருக்கும் லென்சும் கிட்டத்துக்குக் குவியும். தலைக்கருவியில் கண்கள் திரும்புகின்றன. குவியம் மட்டும் அசைவதில்லை. இந்த முரண்பாடே கண் சோர்வுக்கு ஒரு காரணம் என்று 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினர். கடைகளில் விற்கும் பெரும்பாலான கருவிகளில், விளையாட்டில் வரும் புலி மூக்கருகே பாய்ந்தாலும், அதன் குவியம் ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் நின்ற இடத்திலேயே நிற்கிறது.