பாவத்தின் ஆளுகையும் அம்பேத்கரின் ஆட்சேபமும்: ஹைதராபாத் திருச்சபை வரலாற்றை முன்வைத்து

ஹைதராபாத்தின் வடமேற்கில் உள்ள பாலாநகர் பொதுத்துறைக் கனவுகள் எழுப்பிய தொழிற்பேட்டை. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் ஏவியானிக்ஸ் பிரிவும் தேசியத் தொலையுணர்வு மையமும் அங்கே இயங்குகின்றன. ஒரு காலத்தில் நாட்டுக்கே மருந்து தந்த ஐ.டி.பி.எல். தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டுவிட்டது. இவற்றைச் சுற்றி லேத் பட்டறைகள், வார்ப்பகங்கள், தெலங்கானாக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் குடியிருப்புகள். அங்கே குடியேறிய மாலா, மாதிகா தலித் குடும்பங்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை அறைகளிலும் மாடிக் கொட்டகைகளிலும் கூடும் சிறு சபைகளில் ஓயாமல் ஒலிக்கும் செய்தி, கிறிஸ்து பாவத்தின் வல்லமையிலிருந்து மனிதனை விடுவிக்கிறார் என்பது. குடியை விட்டவர், புகையை விட்டவர், மனைவியை அடிப்பதை விட்டவர் எழுந்து சாட்சி சொல்வார்கள். அந்தச் சாட்சிகளை எள்ளி நகையாட யாருக்கும் உரிமையில்லை. குடியை விட்ட ஒரு பட்டறைத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவது சிறிய செய்தியல்ல.

ஆனால் 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ பாதையில் இவ்வூர் நிலையத்துக்கு டாக்டர் பி.ஆர். அம்பேத்கரின் பெயர் இடப்பட்டிருக்கிறது. நிலையத்தைச் சுற்றிய சந்துகளில் பிரசங்கிக்கப்படும் அந்தப் போதனையின்மீது இந்தியாவில் எழுந்த மிகக் கடுமையான விமர்சனம் அவருடையதே. மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை குறித்து அவர் எழுதி, மறைவுக்குப் பின் மகாராஷ்டிர அரசின் தொகுப்பில் 1989-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கேட்பது இதுதான். இந்து சமூகம் ஒருவனை ஒடுக்கியது. அவன் கிறிஸ்தவன் ஆனதும், அவனுடைய வீழ்ச்சிக்குக் காரணம் அவனுடைய பாவமே என்று மிஷனெரி கற்பிக்கிறார். சமூகச் சூழல்தான் தன்னை வீழ்த்தியது, அதைத்தான் தாக்க வேண்டும் என்று உணர வேண்டியவன், தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு மன்னிப்புக்காகக் காத்திருக்கிறான். எனவே பாவக் கோட்பாடு அவனுக்குத் தவறான வழியைக் காட்டுகிறது. சமூகவியல் நோக்கில் அது பேரழிவு என்பது அம்பேத்கரின் முடிவு.

இந்த ஆட்சேபத்துக்கு இந்தியக் கிறிஸ்தவ இறையியல் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகளின் பட்டியலாகவே முடிகின்றன. அது பதிலாகாது. கோட்பாட்டின்மீது வைத்த குற்றச்சாட்டைத் தொண்டின் கணக்கைக் காட்டித் தள்ளுபடி செய்ய முடியாது. இக்கட்டுரையின் வாதம் வேறு: அம்பேத்கர் தாக்கிய பாவக் கோட்பாடு பவுலுடையதன்று. பவுலின் கோட்பாட்டை முழுமையாக எடுத்துக்கொண்டால் அம்பேத்கரின் பாதிக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. மீதிப் பாதி திருச்சபையின் மேல் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது.

கி.பி. 57-ஐ ஒட்டிக் கொரிந்துவிலிருந்து ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் முதல் எட்டாம் அதிகாரம் வரை பவுல் பாவத்தைப் பற்றிப் பேசும் விதம் வியப்பானது. அங்கே பாவம் பெரும்பாலும் செய்யப்படும் ஒரு செயலாக வருவதில்லை. அது அரசனைப்போல் ஆளுகிறது, அடிமைகளை வைத்திருக்கிறது, படைவீரனுக்குக் கொடுப்பதுபோல் சம்பளம் கொடுக்கிறது (அந்தச் சம்பளம் மரணம்), வீட்டுக்குள் குடியேறி உரிமையாளனையே கட்டுப்படுத்துகிறது. அத்தகைய எசமானிடமிருந்து வெளியேற மனம் வருந்துவது மட்டும் போதாது. அடிமை இறந்துவிட்டால் எசமானுக்கு அவன்மேல் உரிமையில்லை என்கிறார் பவுல். ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துவோடு இறத்தல் என்று ஆறாம் அதிகாரத்தில் விளக்குவது இந்தத் தர்க்கத்தில்தான். குற்றத்துக்கு மன்னிப்பு என்பது நீதிமன்றத்து விஷயம். ஆளுகையிலிருந்து விடுதலை என்பது அரசியல் விஷயம், ஒரு கொடி இறங்கி மற்றொன்று ஏறுவது.

இருபதாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆய்வில் இதுபற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. ருடால்ஃப் புல்ட்மன் பவுலின் பாவத்தைத் தனிமனித இருப்பின் சிக்கலாக வாசித்தார். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் கேஸமன் அதை மறுத்தார்: மனிதன் எப்போதும் ஏதோ ஓர் ஆளுகையின் கீழ் இருப்பவன், உடல் என்பதே அந்த ஆளுகையின் துண்டு நிலம் என்றார். 1937-இல் நாஜி ரகசியக் காவல்துறையின் சிறையில் இருந்தவர், 1977-இல் அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி தம் மகளைக் கொன்றதைக் கண்டவர், பாவத்தை வெறும் மன உறுத்தலாக வாசிக்க மறுத்ததில் ஆச்சரியமில்லை. வாசகனின் வாழ்க்கை வாசிப்பைத் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. சில வாழ்க்கைகள் பிரதியில் இருப்பதைப் பார்க்க உதவுகின்றன, அவ்வளவே.

தமிழ் மரபுக்கு இந்தச் சிந்தனை அந்நியமன்று. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் செயலுக்கு முந்தியது. கன்மம் அதன்பின் வருவது. முத்தி நிலையிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் சத்தி மட்டும் அடங்குகிறது. பாவம் இருந்தும் ஆள முடியாத நிலை என்ற பவுலின் கூற்றுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிரேக்கத் தத்துவத்தில்கூடக் கிடைப்பது அரிது. ஆனால் ஆணவம் உயிர்தோறும் ஒட்டிய இருள். பவுலின் பாவமோ ஆதாமின் வழியே ஒரு மனிதகுலத்தையே கூட்டாக ஆண்டது. அம்பேத்கரோடு பேசுவதற்கு இந்தக் கூட்டுத்தன்மைதான் நமக்குத் தேவை.

சாதி பாவமா, உலக வழக்கமா என்ற கேள்வியைத் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சண்டையிட்டுப் பார்த்துவிட்டார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். எதிர்த்தவர்களின் முன்னணியில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இருந்தார். சாதி உலகியல் மரியாதை, அது விசுவாசத்தைத் தொடாது என்பது அவர்கள் தரப்பு. வில்சன் சரி, சாஸ்திரியார் தவறு என்று எளிதாகத் தீர்ப்பெழுதிவிடலாம். நானும் அப்படித்தான் எழுதுவேன். எனினும் வில்சனின் தரப்பும் சாதியை ஒருவன் விட்டுவிடக்கூடிய செயல்களின் தொகுப்பாகவே கண்டது. யாரோடு உட்காருகிறாய், யார் சமைத்ததைச் சாப்பிடுகிறாய் என்பதே சோதனை ஆனது. சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருந்த நிலம், கிணறு, கூலி ஆகியவை அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை. செயலைத் துறந்தாயிற்று, ஆளுகை அப்படியே இருந்தது.

இந்த இடத்தில்தான் ஹைதராபாத் சமஸ்தானத்து டோர்ணக்கல் முக்கியமாகிறது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தின் வழியே தெலுங்கு நாட்டுக்கு வந்தார். 1912 டிசம்பர் 29 அன்று முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அவருடைய திருமண்டலத்தில் மாலாக்களும் மாதிகாக்களும் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களில் பலர் வாழ்ந்த உலகம் வெட்டியும் பாகேலாவும் நிறைந்தது. வெட்டி என்பது நிலப்பிரபுவான தொரைக்கும் அதிகாரிக்கும் கூலியின்றிச் செய்யும் வேலை. பாகேலா என்பது வாங்கிய கடனுக்காகத் தன்னையே ஒப்படைக்கும் முறை. அப்பன் வாங்கிய கடன் மகன் தலையில் விழும். அடிமை, எசமான், விலைக்குக் கொள்ளப்படுதல் என்று பவுல் எழுதியவை அங்கே உருவகங்களாக இல்லை, விடிந்தால் எதிர்கொள்ளும் நாள்வேலையாக இருந்தன.

அசரியா தம் கிராமச் சபைகளை வாட்டும் நான்கு பேய்களாக அழுக்கு, நோய், கடன், குடி ஆகியவற்றைக் குறிப்பிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். குடிப்பவன் மனந்திரும்பலாம். கடனுக்காக யார் மனந்திரும்புவது? பாகேலா முறையில் சிக்கியவனின் மகன் எந்தத் தவறும் செய்யாமலே பிறக்கும்போதே ஒருவனுக்கு உரியவனாகப் பிறக்கிறான். ஒருவனுடைய செயலுக்கு முன்பே அவன்மேல் ஆளுகை செலுத்தும் ஒன்று என்ற ரோமர் ஐந்தாம் அதிகாரத்தின் பாவத்துக்கு, மேற்கத்திய உரைகளில் எளிதில் கிடைக்காத விளக்கம் இதில் இருக்கிறது. கடனைப் பேய் என்றதன் மூலம் அசரியா, பாவத்தை ஆன்மாவின் உள்ளறையிலிருந்து வயல்வரப்புக்குக் கொண்டுவந்தார். அம்பேத்கர் கேட்ட சூழல் பற்றிய பேச்சு இங்கே தொடங்கிவிட்டது.

தொடங்கியது, அவ்வளவுதான். கடனைப் பேய் என்றவர், கடன் கொடுத்த தொரையை எதிர்க்கும் இயக்கம் எதையும் கட்டவில்லை. ஒழுக்கம், கல்வி, துப்புரவு, காணிக்கை இவற்றால் கிராமச் சபை உயரும், உயர்வைக் கண்டு மேல்சாதியார் மனம் மாறுவர் என்ற நம்பிக்கையே அவருடையது. பாகேலா ஒப்பந்தங்களுக்கு நிஜாம் அரசு 1936-இல்தான் சட்ட வரம்பு விதித்தது. 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டம் வெட்டியை உலுக்கியது. கொத்தடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. இவற்றில் எதற்கும் திருச்சபை முன்னணியில் நின்றதாகச் சொல்ல முடியாது. 1930-களில் அம்பேத்கர் அசரியாவிடம், நாங்கள் வந்தால் எங்கு சென்றாலும் ஒரே சபையாக, சாதி வேற்றுமையின்றி வாழ முடியுமா என்று கேட்டதாகவும், ஆம் என்று சொல்ல முடியாமல் அசரியா வெட்கப்பட்டதாகவும் திருச்சபை ஒன்றிப்பு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1945 ஜனவரி முதல் நாள் அசரியா மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது. பிரிவுகள் இணைந்தன, சாதிகள் இணைந்தனவா என்பதை ஒவ்வொரு திருமண்டலத் தேர்தலும் நமக்குச் சொல்கிறது.

அசரியாவுக்குப் பின் ஹைதராபாத் கிறிஸ்தவத்தின் தொனியைப் பெரிதும் வடிவமைத்தவர் பக்த் சிங். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, 1941-இல் சென்னையில் யேகோவா ஷம்மா சபையைத் தொடங்கி, 1950-இல் ஹைதராபாத்தில் எப்ரோன் சபையை நிறுவி, 2000-இல் அங்கேயே மறைந்தவர். இங்கிலாந்தின் கெஸ்விக்கில் 1875-இல் தொடங்கிய பரிசுத்த வாழ்வுக் கூட்டங்களின் சாயல் அவருடைய போதனையில் உண்டு. நம்மூரில் ஜெயஜீவியம் என்று வழங்குவதும் இதுவே: ரோமர் ஆறாம் அதிகாரத்தை அன்றாட வெற்றியின் கையேடாக வாசிப்பது. பாலாநகர்ச் சாட்சிகளின் பூர்வீகம் பெரும்பாலும் இந்த வாசிப்புதான். இதில் ஆளுகை உள்ளத்துக்குள் சுருங்குகிறது. ஆனால் பக்த் சிங்கின் பரிசுத்த சபை கூடுதல்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பந்தலில் தங்கி, ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து அன்பின் விருந்து உண்டார்கள். பிரசங்க மேடை சொன்னதைவிடப் பந்தி வரிசை ரோமருக்கு நெருக்கமாக இருந்தது என்பேன். விருந்து முடிந்து ஊர் திரும்பிய பிறகு அந்த வரிசை எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி.

எதிர்வாதம் ஒன்றை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். 1525-இல் ஜெர்மானிய விவசாயிகள் தங்கள் பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவதாக, கிறிஸ்து எல்லோரையும் மீட்டிருப்பதால் பண்ணையடிமை முறை நீங்க வேண்டும் என்றனர். ஐந்தாண்டுகளுக்கு முன் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய லூத்தரே, இது ஆவிக்குரிய விடுதலையை மாம்சத்துக்குரியதாக மாற்றுவது என்று மறுத்தார். அவருடைய மறுப்பு கோழைத்தனம் மட்டுமன்று. பவுல் சொல்லும் விடுதலை எசமானே இல்லாத நிலைக்குப் போவதில்லை. பாவத்தின் அடிமை நீதியின் அடிமையாகிறான். சூழலை மாற்றினால் மனிதன் தானே நிமிர்வான் என்ற அம்பேத்கரின் நம்பிக்கைக்கும் இங்கே ஒரு வரம்பு தெரிகிறது: ஒடுக்கப்பட்டு ஒரே ஆலயத்துக்கு வந்த மாலாவும் மாதிகாவும் தமக்குள் மேல் கீழ் பார்த்ததைச் சூழல் ஒன்றை மட்டும் வைத்து விளக்க முடியாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் நடுச்சுவரையும் வேறு மதத்தார் வந்து கட்டவில்லை. ஆயினும் லூத்தர் பிழைத்த இடம் தெளிவு. நீதிக்கு அடிமையானவனின் உடல் நிலப்பிரபுவுக்கு அடிமையாகத் தொடரலாம் என்று சொல்லும்போது, உடல் ஆளுகையின் களம் என்ற பவுலின் மையக் கருத்தையே அவர் கைவிட்டார்.

நம் நாட்டில் இந்தப் பிழையைத் தலைகீழாகச் செய்திருப்பது சட்டம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவனாகிவிட்டால் சாதியின் வல்லமை அவன்மேல் இல்லை என்று அரசு விசுவாசிக்கிறது. எந்தப் போதகரும் இவ்வளவு உறுதியாகப் பிரசங்கிப்பதில்லை. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவ ஆதிதிராவிடர் தொடுத்த வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் கூறியது. தெலங்கானாவில் பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் ‘சி’ பிரிவில், 1 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். பலர் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவராகவும் வாழ நேர்கிறது. அவர்களைப் பொய்யர் என்று கண்டிக்கும் பிரசங்கிகளுக்கு ரோமர் நிருபம் புரியவில்லை. இரண்டு ஆளுகைகள் ஒரே உடலின்மேல் உரிமை கொண்டாடுகின்றன. பொய்யை அவர்கள் தொடங்கவில்லை.

ஆகவே ஹைதராபாத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள இறையியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்பேத்கரின் அந்தக் கட்டுரையைச் சமூகவியல் பாடத்தில் ஓரமாக வைக்காமல், ரோமர் ஆறாம் அதிகாரம் நடத்தும் அதே பருவத்தில், அதே வகுப்பில், அதே தேர்வுத்தாளில் வையுங்கள். அதற்கு விடையெழுதத் தெரியாத மாணவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதைத் தள்ளிவையுங்கள்.